கொயோட்டியைச் சுட்டால் மான் பெருகுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி: 2024 மார்ச் 3

"அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறேன். எங்கள் வேட்டைக் குழுவின் நிலத்தில் ஐந்தாறு வருடங்களாக மான் வரத்து குறைந்துகொண்டே போகிறது. கேமராவில் விழுவதெல்லாம் கொயோட்டி (ஓநாயைவிடச் சிறிய, நாய் இனத்துக் காட்டு விலங்கு). கண்ணில் படும் கொயோட்டியை எல்லாம் சுட்டுத் தள்ளினால் ஒழிய மான் திரும்பாது என்பது என் முடிவு. இதை மறுப்பவர்கள் காட்டுக்குள் காலே வைக்காதவர்கள். மாற்றுக் கருத்து உண்டா?"

மார்ச் 4, காலை

நான் காட்டுக்குள் கால் வைக்கிறவன், ஆனால் மறுக்கிறேன். தென் கரோலினா மாநிலத்தின் ஏக்கன் மாவட்டத்தில் குடியிருக்கிறேன். பக்கத்து நிலத்துக்காரரின் பைன் தோப்பில் வருடந்தோறும் மான் வேட்டைக்குப் போகிறேன். குளிர்காலத்தில் எங்கள் வீட்டில் மான்கறிதான். மான் குறைவது உங்களுக்கு எவ்வளவு வலிக்கிறதோ எனக்கும் அவ்வளவு வலிக்கிறது.

உங்கள் பேச்சில் பாதி உண்மை. கொயோட்டி மான்குட்டியைத் தின்கிறது, அதுவும் ஏராளமாகத் தின்கிறது. இதை மூடி மறைக்கிற விலங்கு ஆர்வலர்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. எங்கள் ஊருக்கு அருகில்தான் சவானா ரிவர் சைட் இருக்கிறது. அணு ஆயுதப் பொருள் தயாரிப்பதற்காக 1950களில் மத்திய அரசு ஊர்களைக் காலிசெய்து எடுத்துக்கொண்ட நிலம் அது; இன்று பெரும்பகுதி காடு. அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜான் கில்கோவும் அவருடன் இருந்தவர்களும் 2006 முதல் 2009 வரை அங்கே மான்குட்டிகளைக் கண்காணித்தார்கள். சினைமானைப் பிடித்து, பிறப்புப் பாதையில் ஒரு சிறிய ரேடியோ கருவியை வைத்து விட்டுவிடுவார்கள். குட்டி ஈனும்போது கருவியும் கீழே விழும், சூடு தணியும், சமிக்ஞை மாறும். உடனே ஆட்கள் புறப்பட்டுப் போய், பிறந்து சில மணி நேரமே ஆன குட்டியைப் புல்லுக்குள் தேடிப் பிடித்துக் கழுத்துப்பட்டை மாட்டுவார்கள்.

இப்படிப் பட்டை மாட்டியவை 91 குட்டிகள். பதினாறு வாரத்துக்குள் 70 செத்தன. மிச்சமிருந்த தோலிலும் எலும்பிலும் ஒட்டியிருந்த எச்சிலில் டிஎன்ஏ எடுத்துப் பார்த்தார்கள். 70 சாவில் குறைந்தது 46, அதிகபட்சம் 56 கொயோட்டியின் கணக்கு. நாலில் ஒரு குட்டிகூடப் பிழைக்கவில்லை. ஆகவே குட்டி சாகிறதா என்று உங்களோடு வாதாடமாட்டேன்.

மார்ச் 4, இரவு

காலையில் எழுத விட்டுப்போனது. மேலே சொன்னதெல்லாம் குட்டிகளின் கணக்கு. எங்கள் பக்கத்துக் காட்டில் நன்கு வளர்ந்த பெண்மானைக் கொயோட்டி கொல்வது அரிது. முதல் சில வாரம்தான் கண்டம். அந்த நாட்களில் குட்டிக்கு ஓடத் தெரியாது. காதை மடக்கிக்கொண்டு அசையாமல் கிடப்பது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த பாதுகாப்பு. தாய் அதைத் தனியே விட்டுத் தள்ளி மேயும், பால் கொடுக்க மட்டும் வரும், குட்டியின் மூத்திரத்தைக்கூட நக்கித் துடைத்து வாடையை மறைக்கும். இரண்டு மாதம் தாண்டிவிட்டால் குட்டி ஓட்டத்தில் தேறிவிடும்.

மார்ச் 9

"அப்படியானால் கொயோட்டியைக் கொன்றால் குட்டி பிழைக்கும், கணக்கு நேர்தானே" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். நேராகத்தான் தெரிகிறது. அதே ஆய்வாளர்கள் அதையும் செய்து பார்த்துவிட்டார்கள்.

2010 முதல் 2012 வரை, மான் ஈனும் பருவத்துக்கு முன்பாக, அதே இடத்தில் மூன்று பகுதிகளில் தொழில்முறைப் பொறிக்காரர்களை இறக்கினார்கள். மூன்று வருடத்தில் 474 கொயோட்டிகள் அகற்றப்பட்டன. இது ஓய்வுநாளில் துப்பாக்கியோடு போய் ஒன்றிரண்டைச் சுடுகிற வேலை அல்ல. சம்பளம் வாங்கிக்கொண்டு நாள் முழுக்க இதையே செய்கிறவர்களின் உழைப்பு. முன்பு சுமார் 23 சதவீதமாக இருந்த குட்டிப் பிழைப்பு முதல் வருடம் 51 சதவீதம் ஆனது. எல்லாரும் மகிழ்ந்திருப்பார்கள். இரண்டாம் வருடம் 20 சதவீதம். மூன்றாம் வருடம் 43.

அந்த இரண்டாம் வருடத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அதே ஆட்கள், அதே பொறி, அதே பருவம். கொயோட்டியைத் தொடாத காலத்தைவிடவும் குறைவான குட்டிகள் பிழைத்தன. பொறியை எடுத்த சில மாதங்களில் வெளியிலிருந்து புதிய கொயோட்டிகள் வந்து காலி இடத்தை நிரப்பிவிட்டன. பலன் சுமாரானது, அதுவும் வருடத்துக்கு வருடம் மாறுகிறது, செலவோ அதிகம். பெண்மான் வேட்டையைக் குறைப்பது போன்ற வழிகளைப் பாருங்கள் என்றுதான் அவர்களே முடித்தார்கள். இத்தனைக்கும் கில்கோ கொயோட்டிக்குப் பரிந்து பேசுகிறவர் அல்லர். கொயோட்டி மானை எவ்வளவு பாதிக்கிறது என்று உலகுக்குக் காட்டியவரே அவர்தான்.

மார்ச் 10

"ஒன்றைச் சுட்டால் மற்றவை இரட்டிப்பாகக் குட்டி போடும், அதனால் சுடவே கூடாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். என் பக்கம் நின்று எழுதுகிறவர்தான். ஆனாலும் இதை அப்படியே விட முடியாது. கொயோட்டி நெருக்கம் குறைந்து இரை மிஞ்சினால் ஈற்றில் குட்டி கூடலாம் என்பதற்கு டெக்சாஸ் பக்கம் சான்று உண்டு. எல்லா ஊருக்கும் அது சட்டமல்ல. எங்கள் பக்கத்தில் பெரிய காரணம் குடிபெயர்வு. தாயை விட்டுப் பிரிந்த இளம் கொயோட்டிகள் நிலம் தேடி மைல் கணக்கில் அலைகின்றன. நீங்கள் ஒரு ஜோடியைக் கொல்வது அவற்றுக்கு வாசல் திறந்துவிடுவது மாதிரி.

1975இல் கானலி, லாங்ஹர்ஸ்ட் என்ற இருவர் கணித மாதிரி ஒன்றைப் போட்டுப் பார்த்தார்கள். ஆண்டுக்கு 75 சதவீதக் கொயோட்டிகளைக் கொன்றுகொண்டே போனால் அவை அழிய ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆகும் என்று வந்தது. நூறு ஏக்கர் நிலம் வைத்திருக்கிற குழு எப்படி 75 சதவீதத்தைக் கொல்லும்? வேலி தாண்டினால் அடுத்தவர் நிலம்.

மார்ச் 17

வெகுமதித் திட்டங்களைப் பற்றிக் கேட்டவருக்கு.

யூட்டா மாநிலம் 2012 முதல் கொயோட்டித் தலைக்கு 50 டாலர் கொடுக்கிறது. கீழ்த்தாடையையும் காதோடு சேர்ந்த தோலையும் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். அங்கே காக்க நினைப்பது கழுதைமான் என்ற மேற்குப் பகுதி மான் இனத்தை. பக்கத்து மாநிலமான ஐடஹோவில் அதே கழுதைமானுக்காகக் கொயோட்டியையும் மலைச்சிங்கத்தையும் (பூமா) வருடக்கணக்கில் அகற்றிப் பார்த்த பெரிய ஆய்வின் முடிவு 2011இல் வெளியானது. மான் கூட்டத்தை நீண்ட காலத்துக்கு உயர்த்துமளவுக்குக் கொயோட்டி ஒழிப்பு பயன் தரவில்லை; குளிரும் மழையும் தீனியும்தான் கூட்டத்தைத் தீர்மானித்தன. கொயோட்டிக்கு முயலும் எலியும் கிடைக்காத வருடங்களில் மட்டும் ஒழிப்பால் குட்டிகளுக்குக் கொஞ்சம் நன்மை.

எங்கள் மாநிலத்தில் வேறு மாதிரி. அரசே பதினாறு கொயோட்டிகளுக்கு அடையாளம் மாட்டி விடுகிறது. அதில் ஒன்றைச் சுட்டுக் கொண்டுவருகிறவருக்கு ஆயுள்கால வேட்டை உரிமம் இலவசம். ஜார்ஜியாவும் 2017இல் இதே சாயலில் குலுக்கல் நடத்தியது. காட்டில் அலைகிற அத்தனை கொயோட்டியும் பரிசுச் சீட்டாகிவிடுகிறது. அதைச் சுடுகிறவர் ஒரு மான்குட்டியையாவது நினைத்துப் பார்த்திருப்பாரா? ஈனும் பருவத்துக்குப் பல மாதம் முன்பு, ஆகஸ்டிலோ அக்டோபரிலோ சுட்டால், மே மாதக் குட்டிக்கு அதனால் ஒன்றும் இல்லை. அதற்குள் அந்த இடத்தில் வேறு கொயோட்டி குடியேறியிருக்கும்.

மார்ச் 18

ஒரு சின்ன வரலாறு, கோபத்தை யார் மேல் திருப்புவது என்று கேட்டவருக்கு. தென் கரோலினாவில் கொயோட்டி முதலில் தென்பட்டது 1978இல், வடமேற்கு மூலையில் உள்ள ஓக்கோனி, பிக்கன்ஸ் மாவட்டங்களில். நாய் விட்டுத் துரத்தி வேட்டையாடுகிறவர்கள் சட்டவிரோதமாகக் கொண்டுவந்து இறக்கியவை என்று மாநில இயற்கை வளத் துறையே சொல்கிறது. பிறகு மேற்கிலிருந்து தானாகவும் வந்து சேர்ந்தன. ஓநாயைக் கூண்டோடு ஒழித்து, காட்டை வெட்டி வயலாக்கி, கிழக்கு முழுவதையும் கொயோட்டிக்குத் திறந்துவைத்தவர்கள் மனிதர்கள். இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலத்திலும் கொயோட்டி உண்டு, தெற்கே பனாமா வரை போய்விட்டது. இத்தனையும் ஒரு நூற்றாண்டாக விஷமும் பொறியும் துப்பாக்கியும் அதைத் துரத்திக்கொண்டிருக்கும்போது நடந்தது.

ஏப்ரல் 2

மிச்சிகனின் வடபகுதியிலிருந்து ஒருவர், "வளர்ந்த மானைக் கொல்லாது என்று எழுதியிருக்கிறீர்கள், இங்கே வந்து பாருங்கள்" என்கிறார். நான் எங்கள் பக்கத்தைச் சொன்னேன். உங்கள் ஊர் வேறு. இடுப்பளவு பனியின் மேல் மெல்லிய உறைபாளம் கட்டியிருந்தால் கொயோட்டி மேலே ஓடும், மானின் குளம்பு உடைத்துக்கொண்டு உள்ளே இறங்கும். குளிர்கால முடிவில் கொழுப்புக் கரைந்து நிற்கிற மானுக்கு அங்கே தப்ப வழியில்லை. வடகிழக்குக் கொயோட்டியும் உருவில் பெரியது. அதன் ரத்தத்தில் ஓநாய் கலப்பு இருப்பது மரபணுவில் தெரிந்துவிட்ட விஷயம்.

இதிலிருந்து எனக்குப் படுவது, ஊருக்கு ஊர் விடை மாறும். யூட்டாவின் விடையை ஜார்ஜியாவிலும், ஜார்ஜியாவின் விடையை மிச்சிகனிலும் ஒட்டவைக்கிற பேச்சுதான் இந்த விவாதத்தையே கெடுக்கிறது.

ஏப்ரல் 11

நீலகிரியிலிருந்து எழுதிய அன்பருக்கு: ஆம், செந்நாயின் கதையும் இதுவேதான். பிரிட்டிஷ் ஆட்சியில் புள்ளிமானையும் கடமானையும் தின்று தீர்க்கிறது என்று செந்நாய்த் தலைக்கு விலை வைத்தார்கள். துரைமார்களின் வேட்டைக்கு மான் மிஞ்ச வேண்டும் என்பது அதன் உள்நோக்கம். 1972இல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம்தான் செந்நாய்க்கு நிழல் தந்தது. அதே 1972இல்தான் இங்கே அதிபர் நிக்சன், மத்திய அரசு நிலங்களில் கொயோட்டி போன்ற விலங்குகளுக்கு விஷம் வைப்பதை நிறுத்த உத்தரவிட்டார். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. செந்நாய் எண்ணிக்கையில் நலிந்த விலங்கு. கொயோட்டி அப்படி இல்லை. அதைக் காப்பாற்ற வேண்டிய தேவை எதுவும் இல்லை. பயனில்லாமல் கொல்வதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

மே 26

குட்டி ஈனும் காலம். காலையில் தோப்புப் பாதையில் நடந்தேன். மணற்பாதையின் நட்டநடுவில் கொயோட்டி எச்சம்; அது தன் எல்லையை அறிவிக்க அப்படித்தான் போடும். குச்சியால் பிரித்துப் பார்த்தேன். மெல்லிய செம்பழுப்பு முடி, நடுநடுவே வெள்ளை இழை. அதற்குள் என் சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்றே பெரிய குளம்பு ஒன்று, கறுப்பாக, நுனி இன்னும் மழுங்காமல். நடந்து தேயாத குளம்பு. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்தத் தொடரில் நான் எழுதியதையெல்லாம் படித்துவிட்டு, கொயோட்டிக்காக வாதாடுகிறவனுக்கு மான்குட்டியின் மேல் இரக்கம் இல்லை என்று எண்ணுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தக் குளம்பைக் கையில் எடுத்தபோது எனக்கும் துப்பாக்கி நினைவுதான் வந்தது. அந்த நேரத்து ஆத்திரத்தை நம்பி முடிவெடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் எண்களைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இதே பாதையில் இன்னும் ஒரு மாதம் கழித்து எச்சத்தில் காட்டுப் பிளம் கொட்டையும் கறுப்புப்பெர்ரி விதையும்தான் கிடக்கும். இலையுதிர் காலத்தில் பெர்சிமன் பழத்தின் கொட்டை. இடையில் எலி, முயல். அது மானையே நம்பி வாழ்கிற விலங்கு அல்ல. மான் குறைந்தாலும் கொயோட்டி குறையாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம்.

ஜூன் 8

சுடும் போட்டிகளைப் பற்றி இதுவரை எழுதாமல் இருந்தேன், எழுதினால் நிதானம் தவறும் என்பதால். கேட்டுவிட்டீர்கள்.

வார இறுதியில் குழு குழுவாகப் போய், அதிகக் கொயோட்டிகளைக் கொன்றவருக்கு, கனமானதைக் கொன்றவருக்கு என்று பரிசு. குட்டி அழுவது போல் ஒலி எழுப்பும் மின்கருவியை வைத்து வரவழைத்துச் சுடுகிறார்கள். எடை போட்டதும் பல உடல்கள் குப்பைக்குப் போகின்றன. தோலை உரித்து விற்பதில்லை, கறியைத் தின்பதில்லை. நான் சுடும் மானின் கல்லீரலைக்கூட வீணாக்குவதில்லை. ஆகவே இதை வேட்டை என்ற பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை. கலிபோர்னியா 2014இல் பரிசைத் தடை செய்தது, வெர்மான்ட் 2018இல் போட்டியையே தடை செய்தது, 2019இல் நியூ மெக்சிகோவும் அரிசோனாவும் மாசசூசெட்சும் தொடர்ந்தன, நியூயார்க் ஆளுநர் 2023 டிசம்பரில் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். எங்கள் மாநிலமும் அந்த வரிசையில் சேர வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறேன்.

ஜூன் 9

"அப்படியானால் ஆட்டுக்காரர் என்ன செய்வது?" நியாயமான கேள்வி. என் பதில்: அவர் சுடட்டும். ஆட்டுக்குட்டியைப் பிடிக்கிற கொயோட்டி பெரும்பாலும் அந்த இடத்தைச் சொந்தமாக வைத்திருக்கும், குட்டிகளுக்கு இரை தேடும் ஜோடி. கலிபோர்னியாவில் இதைக் கண்காணித்து நிரூபித்திருக்கிறார்கள். குற்றவாளி யார் என்று தெரிந்து, அந்த ஒன்றை நீக்கினால் பலன் உண்டு. ஆடு தொடாத ஜோடியைக் கொன்றால், நல்ல காவலை விரட்டிவிட்டு அறியாதவனை உள்ளே அழைத்ததாகும். கிரேட் பிரனீஸ் காவல்நாய்களும் இரவில் பட்டி அடைப்பதும் அதைவிட நீடித்த பயன் தருகின்றன. மத்திய அரசின் வனவிலங்குப் பிரிவு ஆண்டுதோறும் 50 ஆயிரத்துக்குக் குறையாமல் கொயோட்டிகளைக் கொல்கிறது. அடுத்த ஆண்டும் அதே வேலை அப்படியே காத்திருக்கிறது.

ஜூன் 10

இரவில் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் கருவி வைத்துச் சுடுகிறவர்கள் வட கரோலினாவின் கரையோரத்தை நினைவில் வையுங்கள். 1987 முதல் அங்கே சிவப்பு ஓநாயைக் காட்டில் விட்டு வளர்க்கிறார்கள். உலகிலேயே காட்டில் அது எஞ்சியிருக்கும் ஒரே இடம். தூரத்தில், இருட்டில், கொயோட்டிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியாது. சுடப்பட்ட ஓநாய்களால்தான் 2014இல் நீதிமன்றம் அந்த ஐந்து மாவட்டங்களில் கொயோட்டி வேட்டையை நிறுத்திவைத்தது.

ஜூலை 21

முதலில் கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார், மகிழ்ச்சி. "சரி, கொயோட்டியை விட்டுவிடுகிறேன். மான் குறைந்ததற்கு வேறென்ன காரணம், நான் என்ன செய்வது?"

தென் கரோலினாவில் 2000களின் தொடக்கத்திலிருந்து மான் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருக்கிறது. இதற்கு மூன்று காரணம் சொல்கிறார்கள். 1980களில் நட்ட பைன் மரங்கள் வளர்ந்து மேலே கூடிவிட்டன. கீழே வெயில் இல்லை, தழை இல்லை. பெண்மானைத் தாராளமாகச் சுட்ட நீண்ட காலம். பிறகு வந்த கொயோட்டி. மூன்றில் நடுவில் உள்ளது ஒன்றுதான் முழுக்க முழுக்க உங்கள் விரலில் இருக்கிறது.

வளர்ந்த பெண்மான் பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். நாலில் ஒன்றுக்கும் குறைவாகப் பிழைத்தால், ஒரு பெண்மானால் வருடத்துக்கு அரைக் குட்டிகூடக் கூட்டத்தில் சேராது. கொயோட்டி வராத காலத்தில் பாதிக்கு மேல் பிழைத்தபோது வகுத்த கணக்கில் இன்றும் பெண்மானைச் சுட்டால் முதலுக்கே மோசம். நீங்கள் அக்டோபரில் விட்டுவைக்கிற ஒரு பெண்மான், பிப்ரவரியில் நீங்கள் பொறி வைத்துப் பிடிக்கிற பல கொயோட்டிகளைவிட மான் கூட்டத்துக்கு உறுதியான வரவு. ஐந்தாறு வருடமாக மான் குறைகிறது என்கிறீர்கள். அந்த ஐந்தாறு வருடமும் உங்கள் குழு எத்தனை பெண்மான் சுட்டது என்று நோட்டை எடுத்துப் பாருங்கள்.

ஜூலை 22

ஒருவர் நேற்றைய குறிப்பைப் பிடித்துக்கொண்டு, "அப்போது பெண்மானையே சுடக் கூடாதா" என்கிறார். அப்படிச் சொல்லவில்லை. புறநகரில் கொயோட்டியும் இருந்து, மானும் தோட்டத்தைத் தின்று, கார்களில் மோதிக்கொண்டிருக்கிற இடங்கள் ஏராளம். 1900 வாக்கில் நாடு முழுவதும் ஐந்து லட்சம் என்ற அளவுக்குத் தேய்ந்த வெண்வால் மான் (எங்கள் காட்டு மான் இதுதான்) இன்று மூன்று கோடியைத் தொட்டு நிற்கிறது. அங்கெல்லாம் பெண்மானைச் சுடத்தான் வேண்டும். உங்கள் நிலத்தில் எது நடக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 13

எண்ணுவது எப்படி என்று கேட்டவர்களுக்கு. நாளை மறுநாள் எங்கள் பகுதியில் மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது, அதனால் சுருக்கமாக.

ஆகஸ்டில் குட்டி தாயோடு நடமாடத் தொடங்கிவிடும். நூறு ஏக்கருக்கு ஒரு கேமரா போதும். இரண்டு வாரம் ஓடவிடுங்கள். படங்களில் பெண்மான்களை ஒரு பக்கமும் குட்டிகளை ஒரு பக்கமும் கோடு போட்டு எண்ணி, குட்டியைப் பெண்மானால் வகுங்கள். ஒரே மான் பத்துத் தடவை விழுந்தாலும் பரவாயில்லை, தாயும் குட்டியும் சேர்ந்தே விழுவதால் விகிதம் பெரிதாகக் கெடாது. இரண்டு பெண்மானுக்கு ஒரு குட்டிகூட வரவில்லை என்றால் இந்த வருடம் பெண்மான் சுடும் அனுமதிச் சீட்டை மடித்து வையுங்கள். ஒரு பெண்மானுக்கு ஒரு குட்டி என்ற அளவுக்கு நெருங்கினால் கொயோட்டியைப் பற்றிய கவலையே உங்களுக்கு வேண்டாம்.

எங்கள் தோப்பில் இந்த வருடம் முதல் வகை. பக்கத்து நிலத்துக்காரரிடம் படங்களைக் காட்டினேன். அவர் கொயோட்டியைக் கண்டாலே சுடுகிறவர், இனியும் சுடுவார். ஆனால் பெண்மான் வேண்டாம் என்பதற்கு ஒப்புக்கொண்டார். ஆளுக்கு ஓர் ஆண்மான், அவ்வளவுதான். குளிர்காலத்துக்குக் கறி போதாவிட்டால் கடையில் வாங்கிக்கொள்வோம்.